முப்பது தட்டு அதிகம்

எங்கள் வேலையிடத்துக் கோடை விருந்துக்கு முன் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டுவார்கள். ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் எத்தனை சொசேஜ் தின்பீர்கள் என்ற கேள்வி. முதல் வருடம் வெட்கப்பட்டு ஒன்று என்று எழுதினேன். ஒன்றுதான் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வரப்போகிறவரிடம் எத்தனை இடியப்பம் தின்பீர்கள் என்று கேட்டுவைத்தால், அவர் பிறகு அந்த வாசற்படி மிதிக்கமாட்டார்.

சுவிஸின் டீட்டிகோன் நகரில் ஒரு பெரிய அலுவலகத்தின் உணவுச்சாலையில் பதினெட்டு வருடம் சட்டி கழுவினேன். தோள்மூட்டு தேய்ந்ததும், திட்டமிடும் மேசையில் மூன்று மாதம் இருத்திப் பார்க்கிறோம் என்றார்கள். சரிவராவிட்டால் வீட்டுக்குத்தான். நாளை மதியம் எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்பதை இன்றே சொல்லவேண்டிய வேலை அது. அதற்காக ஆர் என்ற கணினி மொழியைப் படித்தேன். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமோ?" என்று மனைவி சிரித்தாள். வளைந்தது. கடந்துபோன மதியங்களின் எண்ணிக்கையை வரிசையாகக் கொடுத்தால், அரிமா என்ற கணிப்பு மாதிரி அதிலுள்ள ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளும்: செவ்வாயில் கூட்டம், வெள்ளியில் குறைவு, பள்ளி விடுமுறையில் இன்னும் குறைவு. சொல்வழி கேட்காதது நான்தான். மாதிரி சொன்ன எண்ணோடு கடைசி வரியில் முப்பதைக் கூட்டி, ஒருவருக்கும் சொல்லாமல் அனுப்பிவந்தேன்.

தவணை முடிய இரண்டு கிழமை இருக்கும்போது பொறுப்பாளரான பெண்மணி ஃபிராவ் கெல்லர் என் கணினியில் பிழைகளின் வரைபடத்தைத் திறந்தார். நல்ல கணிப்பின் பிழைகள் சுழியக் கோட்டுக்கு மேலும் கீழும் சிதறிக் கிடக்கும். என்னுடையவை எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்திருந்தன.

"மாதிரி பிழையா?" என்று கேட்டார். ஓம் என்றிருந்தால் தப்பியிருப்பேன்.

"இல்லை. நான்தான் முப்பது கூட்டினேன்."

"யார் அந்த முப்பது பேர்?"

"தெரியாது. வரக்கூடியவர்கள்."

"விருந்தினர் என்றால் முன்பதிவு செய்யவேண்டுமே."

"அவர்கள் செய்யமாட்டார்கள்" என்றேன். அவர் பதிவேட்டில் அவர்களைத் தேடத் தொடங்கினார்.

ஊரில் யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களில் கஞ்சி வார்த்தவன் நான். ஒரு மதியம் வரிசையில் ஆட்கள் நிற்கும்போதே கஞ்சிக் கிடாரம் வறண்டுவிட்டது. அகப்பை அடியில் சுரண்டும் சத்தம் கேட்டதும் அவர்கள் ஒன்றும் பேசாமல் கலைந்து போனார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைக் கெல்லருக்கு ஜெர்மனில் சொல்லத் தொடங்கி, வெட்கம் வந்து பாதியில் நிறுத்தினேன். அவர் வரைபடத்தை மூடினார். "தினமும் முப்பது தட்டுச் சாப்பாட்டைக் கொட்டுகிறோம். வருகிற கிழமை மாதிரி சொல்வதை மட்டும் அனுப்புங்கள். அதைப் பார்த்து முடிவெடுப்பேன்" என்றார்.

வீட்டில் சொன்னேன். "அந்த முப்பதை எடுத்துவிடுங்கோ" என்றாள் மனைவி. "இந்த மேசையும் போனால் உந்தத் தோளோட வேற என்ன வேலைக்குப் போவியள்?"

எடுத்துவிட்டேன். ஐந்து நாளும் வரிசை முடியும்வரை பரிமாறும் இடத்தருகே நின்றேன். ஒருவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை, மிஞ்சியதும் சொற்பம். மாதிரிதான் சரி, நான் பிழை. எழுதவே கசக்கிறது. மேசை எனக்குக் கிடைத்தது.

வேலையாட்களின் மதியச் சாப்பாடும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். கெல்லரின் கணக்கிலும் அரிமாவின் கணக்கிலும் நான் ஒரு ஆள். வீட்டிலிருந்து சோறும் கறியும் கட்டிக்கொண்டு போகத் தொடங்கியதை இருவருக்கும் சொல்லவில்லை. உணவுச்சாலைக் கதவைப் பூட்டும்வரை என் பங்குத் தட்டு, வரக்கூடிய ஒருவருக்காக, அங்கே இருக்கும். அதன் பிறகுதான் என் சோற்றுப் பொதியை அவிழ்க்கிறேன்.