குளித்து வந்த எண்கள்

“…நீ சொல்றது எல்லாம் சரிதாண்டா தம்பி. ஆனா நாளைக்கு ஒரு சைபர் காணாம போச்சுன்னா, ஆபீசர் முன்னால நீயா வந்து நிப்ப?” என்று கேட்டாள் அக்கா. பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

எங்கள் ஊரில் உப்பளம் என்கிற பகுதியில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகம் அது. தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியலைத் தயாரிப்பது என் அக்காவின் வேலை. இன்னும் நிரந்தரமாகாத வேலை. பதிவு எண்கள் சைபரில் தொடங்கும். துறைகளிலிருந்து மின்னஞ்சலில் வரும் பட்டியல்களோ கல்யாணப் பந்தல் மாதிரி கலர் கலராக இருக்கும். அப்படியே கணினியில் கட்டம் கட்டமாக இருக்கும் விரிதாளில் ஒட்டினால் கலரும் கூடவே வந்து உட்காரும். அதனால் முதலில், வெறும் எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து மறுபடி நகலெடுத்துக் கொண்டுபோவார்கள். அந்த அலுவலகத்தில் இதற்குக் குளிப்பாட்டுவது என்று பெயர். “இருடா, குளிப்பாட்டி எடுத்துனு வரேன்” என்பாள் அக்கா. எனக்கு அந்தப் பேச்சு அவ்வளவு பிடிக்கும். ஆனால் குளித்து வரும் எண்களை விரிதாள் வெறும் கணக்கு எண்ணாக எடுத்துக்கொள்ளும்; முன்னாலிருக்கும் சைபர் தொலைந்துபோகும். அதை அவள் ஒவ்வொன்றாகக் கையால் தட்டிச் சேர்ப்பாள். ஒருமுறை சில எண்கள் விட்டுப்போய், பிள்ளைகள் தேர்வறை வாசலிலேயே நின்றுவிட்டார்கள். இன்னொரு தடவை நடந்தால் வேலை கிடையாது என்று அக்காவுக்கு மெமோ வந்தது. மென்பொருளுக்கு யார் மெமோ கொடுப்பார்கள்?

அந்த விரிதாள் மென்பொருளின் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். நிரல் எழுத நானாகவே கற்றுக்கொண்டவன், அக்காவுக்காக அதைத் திருத்த இறங்கினேன். நகலெடுத்து ஒட்டும் வேலையைச் செய்கிற நிரலையே யாரோ இடத்துக்கு இடம் நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் ‘இதைத் தொடாதீர்கள்’ என்று குறிப்பு. ஏன் என்று ஒரு வரி இல்லை. எது எதற்காக இருக்கிறது என்று எழுதிவைக்கவே மாதக்கணக்கில் ஆனது. குளிப்பாட்டுவதைப் பற்றியும் ஆசையாக ஒரு பத்தி எழுதினேன். அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவர்களில் முகம் தெரியாத ஒருவர், இது தேவையில்லை என்று வெட்டிவிட்டார். நேரே ஒட்டினாலும் கலர் வராமல், சைபர் போகாமல் இருக்க நான் செய்த திருத்தத்தை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள்.

புதிய பதிப்பு வந்ததும் போய் அக்காவின் கணினியில் ஏற்றினேன். குளிப்பாட்டாமல் நேரே ஒட்டிக் காட்டினேன். கலர் எதுவும் வரவில்லை. எல்லா சைபரும் இருந்தன.

“அட, கில்லாடிடா நீ!” என்றாள்.

“இனிமே குளிப்பாட்டாதக்கா. குளிப்பாட்டினாதான் சைபர் போகும்.”

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள், நீயா வந்து நிப்ப என்று.

“நிக்கிறேன்க்கா.”

“உன்ன எவன்டா உள்ள விடுவான்?”

சொல்லிவிட்டு, நான் ஒட்டியதை முழுக்க அழித்தாள். நோட்பேடைத் திறந்து பட்டியலைக் குளிப்பாட்டினாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் எண்ணிலிருந்து சைபரைத் தட்டத் தொடங்கினாள்.