ஏரிக்கரையில் ஒரு கும்பிடு

மன்னிப்பதெல்லாம் பெரிய மனசுக்காரர்களின் வேலை. எனக்கு அந்த மனசு கிடையாது, வேண்டவும் வேண்டாம்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். ஊர் மாரியம்மன் திருவிழாவில் அம்மா பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனாள். எங்கள் தெருக்காரர்கள் மதிலுக்கு வெளியேதான் அடுப்பு மூட்ட வேண்டும். அன்றைக்கு வெளியே ஒரே சேறு. உள்ளே ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டாள். பெரிய வீட்டுக்காரர் வந்தார். பொங்கிக்கொண்டிருந்த பானையைக் காலால் எத்திவிட்டுப் போனார். அம்மா மண்ணிலிருந்து சோற்றை வழித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சாகும்வரை அவள் அந்த அம்மனுக்குப் பொங்கல் வைக்கவே இல்லை. இந்த ஆளை எங்கள் வீட்டு அடுப்பில் வெந்ததைத் தின்ன வைக்காமல் விடுவதில்லை என்று நான் அன்றே கருவிக்கொண்டேன்.

அவர் இப்போது அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்ட்ராக்டர். ஆட்கள் வடக்கத்திக்காரர்கள், எங்கள் தெருவில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒடிசாக்காரர்கள் ஆனி மாதம் சின்னதாகத் தேர் செய்து இழுப்பார்கள். அது எங்கள் வீட்டு வாசலில் நின்றுதான் போகும். ஊர்த் தேர் ஒருநாளும் இந்தப் பக்கம் திரும்பியதில்லை! பீகார்க்காரர்களுக்குத் தீபாவளி முடிந்ததும் சத் பூஜை. அதற்கென்று ரயிலேறினால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். வேலை கெடுகிறதே என்று பெரிய வீட்டுக்காரர், "இங்கயே ஏரியில கொண்டாடுங்கப்பா, பந்தல் நான் போட்டுத் தரேன்" என்றார்.

விரதம் எடுப்பவள் எங்கள் மாடியில் குடியிருந்த பீகார்ப் பெண். பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, சாயங்காலமும் மறுநாள் விடியலிலும் இடுப்பளவு நீரில் நின்று சூரியனைக் கும்பிட வேண்டும். அந்த வருஷம் அவளுக்குப் பிள்ளை பிறந்து தீட்டாகிவிட்டது.

"அக்கா, எனக்குப் பதிலா நீங்க இருங்க. இதுல ஜாதி இல்ல. மனசு சுத்தமா இருந்தா போதும்," என்றாள்.

மனசு சுத்தமா! சிரிப்பை அடக்கிக்கொண்டேன். விரதக்காரியின் காலில் எல்லோரும் விழுந்து, அவள் கையால் பிரசாதம் வாங்கித் தின்ன வேண்டும், மறுத்தால் பாவம் என்றும் சொன்னாள்.

"எல்லாருமா?"

"எல்லாரும், அக்கா. முதலாளிகூட."

அந்த நிமிஷமே சரியென்று தலையாட்டினேன். மாமர விறகு வைத்து, எங்கள் அடுப்பிலேயே தேக்குவா சுட்டேன். நம்மூர் வெல்ல அப்பத்தைக் கெட்டியாகச் சுட்டதுபோல இருக்கும். மூக்கு நுனியிலிருந்து வகிடுவரை காவிக் குங்குமத்தை இழுத்து, முக்காடு போட்டுவிட்டாள் தெருவிலிருந்த இன்னொரு பீகார்க்காரி. தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வஞ்சம்தான் என்னைத் தண்ணீரில் நிற்க வைத்தது.

மறுநாள் விடியலிலும் சூரியனைக் கும்பிட்டுக் கரையேறினேன். பெரிய வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியில் காத்திருந்தார். சுற்றிலும் செல்போன்கள் நீண்டன. ஆட்களின் மேஸ்திரி அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் பொத்தென்று என் காலில் விழுந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. எங்கள் தெருக்காரர் முகத்தை அவர் என்றைக்கு நிமிர்ந்து பார்த்தார்? அவர் நெற்றியில் குங்குமம் வைத்து, தேக்குவாவைக் கொடுத்தேன். கடித்தார்.

"அட, நல்லா இருக்கே! என்ன போட்டுச் செஞ்சதுன்னு இந்தம்மாகிட்ட கேளுப்பா," என்றார் மேஸ்திரியிடம்.

"கோதுமை மாவும் வெல்லமும்ங்க," என்றேன் நானே. "எங்க வூட்டு அடுப்புல சுட்டது. கோயில் வாசல்ல ஒரு பொங்கப் பானைய எத்தி விட்டீங்களே, அந்தம்மா மவ நான்."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. கன்னம் உப்பியபடி ஏரியைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். அத்தனை பேரும் கைகூப்பி நின்றார்கள். சாமி பிரசாதத்தைத் துப்பினால் அவர்கள் அன்றைக்கே அரியலூர் ஸ்டேஷனுக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"முழுங்குங்க. இன்னொண்ணு தரேன்."

தொண்டைக்குழி ஏறி இறங்கியது. இரண்டாவதை நீட்டினேன். அதையும் வாங்கி, என் கண்ணெதிரிலேயே தின்றார். அதற்கப்புறம்தான் நான் தண்ணீர்ச் செம்பை வாயில் வைத்தேன்.