செம்புக்கு இரண்டு நிழல்

ஓவியப் பள்ளியில் ஐந்து வருடம் எண்ணெய் வண்ணம் படித்துவிட்டு, எண்பதாம் ஆண்டு ராஜபாளையத்தில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கும் வேலை. முதலாளி ஒரு பாய். முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் கேமராவை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார். மாப்பிள்ளையையும் பெண்ணையுமே பார்த்து அலுத்த கண்ணுக்குக் கத்தரிக்காயும் படிக்கல்லும் மில்லில் கழித்த நூல்கண்டும் ஆறுதலாக இருந்தன. சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

எண்பத்தாறு கார்த்திகையில் ஒரு யோசனை வந்தது. மொட்டைமாடியில் தெற்குப் பார்த்த சுவர் ஒன்று உண்டு. அதன் முன்னால் ஸ்டூல் போட்டுப் பித்தளைச் செம்பை வைத்தேன். மாலையில் சுவரில் விழுந்த நிழலைப் பென்சிலால் சுற்றி வரைந்து, சாம்பல் வண்ணம் பூசினேன். அடுத்த ஞாயிறு காலை, நிஜ நிழல் எதிர்ப்பக்கம் விழுந்தபோது படமெடுத்தேன். ஒரே செம்புக்கு இரண்டு நிழல். எது வெயில் போட்டது, எது நான் போட்டது என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை.

மதுரையில் ஒரு புகைப்படச் சங்கம் கண்காட்சிக்குப் படம் கேட்டிருந்தது. தூரிகையை விட்ட பிறகு என் பெயரில் எதுவும் எந்தச் சுவரிலும் தொங்கியதில்லை. இதை அனுப்பினேன். தேர்வானதாகக் கடிதம் வந்தது. தை முடிவதற்குள் இன்னொரு கடிதமும் வந்தது. ஒரே ஃபிலிமில் இரண்டு முறை எடுத்த படங்களுக்கு இடமில்லை, விளக்கம் தேவை என்றார்கள்.

தவறு என்னுடையது. எந்தப் படத்தின் பின்னாலும் நேரத்தை எழுதாமல் எனக்குக் கை ஓயாது. இதன் பின்னால் ‘மாலை 4.05, காலை 9.10’ என்று எழுதியிருந்தேன். நிழலை வரைந்த நேரம் ஒன்று, படமெடுத்த நேரம் ஒன்று. படித்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

சுவரை ஒரு படம் எடுத்து அனுப்பினால் முடிந்தது என்று மாடிக்கு ஓடினேன். சுவர் பளீரென்று இருந்தது.

மனைவி படியிலேயே நின்றாள். “பொங்கலுக்கு நீங்கதான சுண்ணாம்பு அடிச்சீக? அந்தக் கறைய மட்டும் விட்டுருவமான்னு கேட்டேன்ல. வேல முடிஞ்சுபோச்சுன்னு சொல்லி ரெண்டு பூச்சு பூசுனீக.”

டைரியைப் புரட்டினேன். இரண்டு பூச்சு என்று அதிலும் இருந்தது; கார்த்திகையில் நிழல் வரைந்ததும் இருந்தது.

பாயிடம் சொல்லி லீவு வாங்கினேன். “நீரு எழுதாம இருந்திருந்தா ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். போயிட்டு வாரும்,” என்றார்.

மதுரையில் செயலாளர் மரியாதையாகவே பேசினார். டைரியை முழுக்கப் படித்தார். டைரியை எப்போது வேண்டுமானாலும் எழுதலாமே என்றார். படத்தை உறையிலிட்டுத் திருப்பித் தந்தார்.

திரும்பி வந்த பஸ்ஸில் கிருஷ்ணன்கோவில் வரை கோபம் இருந்தது. பிறகு யோசித்தேன். எந்த நிழல் எப்போது விழுந்தது என்று பார்ப்பவர் தடுமாற வேண்டும் என்றுதான் எடுத்தேன். முதன்முதலாகத் தடுமாறியவர்களிடம் எதற்குக் கோபம்? ஆனால் தடுமாறியவர் தேடிக் கண்டுபிடிக்கப் படத்துக்குள் ஒரு வழியும் நான் வைக்கவில்லை. என் கை அங்கே இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் அழித்திருந்தேன். ஓவியப் பள்ளியில் அதைத்தான் திறமை என்று பழகியிருந்தேன்.

அடுத்த கார்த்திகையில் அதே செம்பை வைத்து மறுபடி வரைந்தேன். இந்தத் தடவை பென்சில் கோட்டை மறைக்காமல், வண்ணத்தைப் பாதி நிழலோடு நிறுத்தினேன். அதற்குப் பின் எடுத்தவை எல்லாம் அப்படித்தான்.

தொண்ணூற்றொன்றில் அதே சங்கம் என் மூன்று படங்களை மாட்டியது. பார்க்க வந்த ஒருவர், பென்சில் கோட்டை அழிக்க மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்றார். மறக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்து, கோட்டின் மேலேயே பார்வையை நகர்த்திக்கொண்டிருந்தார்.