அக்கா கேட்காத ஓட்டு

எங்கள் பேரூராட்சியில் காவிரித் தண்ணீர்க் குழாய் எல்லா வீதிக்கும் வந்துவிட்டது, எங்கள் வீதியைத் தவிர. மாரியம்மன் கோவில் முக்கு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. எங்களுக்கு லாரித் தண்ணீர்தான், அதுவும் டிரைவர் மனசு வைத்தால். இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் வீதி ஆம்பிளைகள் அத்தனை பேரும் ரிக் வண்டிக்காரர்கள். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று போய், போர்வெல் போட்டு, கண்டவனுக்கெல்லாம் தண்ணீர் வரவைத்துவிட்டு வருவார்கள். அவர்கள் பெண்டாட்டிகள் நாங்கள் இங்கே குடத்தோடு நிற்போம்.

போன தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். என் அக்கா சுயேச்சையாக நின்றாள். எங்கள் இருவரையும் ஒரே வீதியில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி வெகு நாளாகிறது. மாமா வடக்கே ரிக்கில். தூக்க வேறு ஆள் யார்? "கவுன்சிலரானா வேறொண்ணும் வேண்டாங் கண்ணு. அந்தக் குழாய நம்ம வீதிக்கு இழுத்துட்டாப் போதும்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஓட்டுக் கேட்பது என்றால் வீட்டு ஆம்பிளையிடம் கேட்பது. அவர் சரி என்றால் வீடே சரி. அக்காவும் அப்படியே செய்தாள். விடிந்ததும் போனோடு உட்கார்ந்து ரிக்கில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். பின்னால் கம்ப்ரசர் அலறும். "எங்கூட்டு ஓட்டு உங்களுக்குத்தானுங்கக்கா! ஓட்டுப் போட வாரேனுங்கக்கா!" என்று அவர்கள் கத்துவார்கள். அக்காவுக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும்.

"பொம்பளைங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லுக்கா" என்றேன்.

"அவளுகளத்தான் லாரிகிட்டத் தெனமும் பாக்கறேனே. அவளுககிட்டப் போயி என்னத்தக் கேக்கறது?" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

எதிர்த்து நின்றவர் ஒரு ரிக் முதலாளியின் மனைவி. அந்த அம்மாவைக் கோவிலில்கூட நாங்கள் கண்டதில்லை. ஆனால் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஆம்பிளை இருக்கிறாரா என்று விசாரிக்கவில்லை. குங்குமச் சிமிழை நீட்டி, "உங்க ஓட்டக் கேட்டு வந்திருக்கறனுங்க" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் ஓட்டை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் போட்டது அக்காவுக்கு, அது வேறு விஷயம்.

ஓட்டு நாளுக்கு ஒரு ரிக்கும் வரவில்லை. சீசன் நேரத்தில் வண்டியை நிறுத்த எந்த முதலாளி விடுவான்? மாமாவே வரவில்லை. அக்கா டெபாசிட் இழந்தாள்.

அடுத்து லாரி வந்தபோது அக்கா பொறுக்கமாட்டாமல் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டாள். "உங்கூட்டுக்காரரு போன்ல சத்தியம் பண்ணுனாரே!"

"அவருதானுங்கக்கா பண்ணுனாரு. எங்கிட்ட நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றாள் அவள். திமிராகச் சொல்லவில்லை, மனசு நொந்துதான் சொன்னாள். வரிசையில் நின்ற ஒருத்தியும் அவளை அடக்கவில்லை. அக்கா காலிக் குடத்தோடு திரும்பி வரிசையில் போய் நின்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

ஜெயித்த அம்மாவாவது ஏதாவது செய்தாரா என்றால், அட போங்கள். அவரைப் பிறகு வீதியில் பார்க்கவேயில்லை. கூட்டத்துக்கெல்லாம் அவர் வீட்டுக்காரர்தான் போகிறாராம். குழாய் முக்கைத் தாண்டவில்லை.

ஓட்டுக்கு வராதவர்கள் பங்குனியில் மாரியம்மன் நோம்பிக்கு வந்துவிட்டார்கள். அக்காவின் முகத்தைப் பார்க்க அவர்களுக்கே கூசியது. முதலாளியிடம் கெஞ்சி ஒரு வண்டியை வாங்கி வந்து, கூலியில்லாமல் அவள் வாசலிலேயே போர் போட்டார்கள். இதற்குமுன் போட்டதெல்லாம் வற்றிப்போன மண் இது. இன்னும் ஆழம் போனால் கிடைக்கும் என்றார்கள். வீதியே கூடி நின்றது. ராடுக்கு மேல் ராடாக இறக்கினார்கள். வந்ததெல்லாம் வெள்ளைப் புழுதி. சாயங்காலம் மாமாவே கம்ப்ரசரை அணைத்தார்.

அக்கா தலையில் படிந்திருந்த புழுதியைக்கூடத் தட்டவில்லை. "போதுஞ் சாமிகளா. போங்க. போயி வெளியூர்க்காரங்களுக்குத் தண்ணி எடுத்துக் குடுங்க" என்றாள். பிறகு மெதுவாகக் குனிந்து, புழுதி மூடிக் கிடந்த குடங்களை முந்தானையால் துடைத்தாள். மறுநாள் லாரி வரும் நாள்.