‘டூ டைமன்’ என்றால் ஹார்ட்டின்

சீட்டு என்றாலே சூதாட்டம் என்று முகம் சுளிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. தர்மபுரியில் எங்கள் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் ஆடுவது பிரிட்ஜ். காசு கிடையாது. தோற்றால் மானம் மட்டும்தான் போகும்.

கலைமதி அக்காவும் மாதையன் சாரும் கிளப்பில் ஒரே புருஷன் பெண்டாட்டி ஜோடி. சார் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். காலேஜ் ஹாஸ்டலில் கற்ற ஆட்டத்தை, கல்யாணமான புதிதில் மாரண்டஹள்ளி குவார்ட்டர்ஸில் பொழுது போகாமல் அக்காவுக்கும் சொல்லிக்கொடுத்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்த அக்கா சீக்கிரமே அவரைவிட நன்றாக ஆட ஆரம்பித்தார். சார் அதை இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. வீட்டில் சண்டை வந்தால் யாராவது ஒருவர் ‘பாஸ்’ என்று சொன்னால் போதும், சண்டை முடிந்ததாம். கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. என் வீட்டில் யாரும் பாஸ் சொல்வதில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. ஒருவர் கையில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. ஆடுவதற்கு முன்னால் ஏலம் உண்டு. டைமனோ ஹார்ட்டினோ, இந்த இனம் துருப்பு, இத்தனை பிடி எடுப்போம் என்று ஏற்றிக் கேட்க வேண்டும். மேலே ஏற்ற விரும்பாதவர் ‘பாஸ்’ சொல்வார்; எல்லோரும் பாஸ் சொன்னால் கடைசியாகக் கேட்டதுதான் ஆட்டம். அந்த ஏலப் பேச்சை வைத்தே கூட்டாளிக்கு நம் கையை உணர்த்த வேண்டும். கண்ணைக் காட்டக் கூடாது. கூட்டாளியின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. அதனால் சில பேச்சுக்கு முன்கூட்டியே அர்த்தம் பேசி வைத்திருப்போம். சார் ‘ஒன் நோ டிரம்ப்’, அதாவது துருப்பில்லாத ஆட்டம், என்று தொடங்கி, அக்கா ‘டூ டைமன்’ என்றால், அக்காவிடம் ஹார்ட்டின் சீட்டு ஐந்து இருக்கிறது, சார் ‘டூ ஹார்ட்டின்’ சொல்ல வேண்டும் என்று அர்த்தம். அக்கா ‘டூ ஹார்ட்டின்’ என்றால், அதேபோல அது ஸ்பேடைக் குறிக்கும்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் அக்கா ‘டூ டைமன்’ என்றார். சார் நிம்மதியாக ‘பாஸ்’ என்றுவிட்டார். கையில் டைமனே இல்லாத அக்கா, டைமனைத் துருப்பாக வைத்து ஆடி நாறிப்போனார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவும் சிரித்தார். மறுபடியும் அப்படியே நடந்தபோது அவர் சிரிக்கவில்லை.

அதற்கிடையில், காய் வாங்கப் போன சார் மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஏறிப் போய், பழைய குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றிருக்கிறார். அக்கா போய் அழைத்து வந்தார். பழைய சிநேகிதரைப் பார்க்கப் போனார் என்று எங்களிடம் சொன்னார். மகள் பூவிழியிடம் அதுகூடச் சொல்லவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டுமானால் சாரிடம் காரணம் சொல்ல வேண்டும். சார் ரோஷக்காரர், தெரிந்தால் உடைந்துபோவார் என்று அக்காவுக்குப் பயம். சீட்டை நிறுத்தவும் மனம் வரவில்லை. ஓய்வு பெற்றபிறகு சாருக்கு மிஞ்சியிருந்த மரியாதை அந்த மேஜையில்தான்.

இதில் கொடுமை, சார் எல்லா நாளும் மறப்பதில்லை. மறந்த நாளில் ‘டூ டைமன்’ சொன்னால் அங்கேயே நின்றுவிடுவார். சரி, நேராக ‘டூ ஹார்ட்டின்’ என்றே சொல்லலாம் என்றால், நினைவிருக்கும் நாளில் கச்சிதமாக ஸ்பேடுக்குப் போய்விடுவார். எதைச் சொல்வது என்பதை அக்காவின் சீட்டு முடிவு செய்யவில்லை. அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது எந்த மாதையன் என்பதுதான் முடிவு செய்தது. அக்கா வாயைத் திறப்பதற்கு முன் சாரின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு நாள் ஆடியவர் இப்படித் திருட்டாட்டம் ஆடலாமா என்று நினைத்தேன். காரணமெல்லாம் பிற்பாடு அக்காவே சொல்லித்தான் தெரிந்தது.

போன மாசியில் ஒரு ஞாயிறு. எனக்குக் கூட்டாளி அப்துல் ஷுக்கூர் பாய், ஹார்டுவேர் கடைக்காரர். சார் ‘ஒன் நோ டிரம்ப்’ என்றார். அக்கா சாரின் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, ‘டூ டைமன்’ என்றார்.

“சார், அக்கா சொன்னதுக்கு என்ன அர்த்தம்ங்க?” என்று கேட்டார் பாய்.

அப்படிக் கேட்பது எதிராளியின் உரிமை. ஆனால் பதிலை, சொன்னவர் சொல்லக் கூடாது. அவருடைய கூட்டாளிதான் சொல்ல வேண்டும். அக்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

“டைமனு...” என்று ஆரம்பித்த சார் நிறுத்தினார். பாய் கேட்டிருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

சார் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். “எனக்குத் தெரியலைங்க பாய். தெரிஞ்சதுதான், இப்ப வரமாட்டேங்குது. கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்குது. இவளுக்குத் தெரியக் கூடாதுன்னு பாத்தேன்.”

“நான் சும்மாதான் கேட்டங்க சார்” என்றார் பாய். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

அக்கா விதியை எல்லாம் தூக்கிப் போட்டார். “எங்கிட்ட ஹார்ட்டின் அஞ்சு இருக்குதுங்க. நீங்க டூ ஹார்ட்டின் சொல்லணும்.”

“டூ ஹார்ட்டின்” என்றார் சார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல. நாங்கள் இருவரும் பாஸ் சொன்னோம். அதற்குமேல் யாருக்கும் ஆட மனமில்லை.

வெளியே என் வண்டிக்குப் பக்கத்தில்தான் அக்காவின் ஸ்கூட்டியும் நின்றது. சாவியைப் போட்ட அக்கா, அதைத் திருப்பாமல் நின்றார்.

“எப்பங்க உங்களுக்குத் தெரிஞ்சுது? வூட்டுக்கு வராம அந்த பஸ்ல ஏறிப் போனீங்களே, அப்பவா?”

“எந்த பஸ்ல?” என்றார் சார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நீ பேசறதுக்கு முன்னால எம்மூஞ்சியப் பாக்க ஆரம்பிச்ச பாரு. ஒரு நாளும் நீ அப்படிப் பாத்ததில்ல. அப்பத்தான் கலை, எனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு புரிஞ்சுது.”

யாருக்குத் தெரியக் கூடாது என்று அக்கா ஊரையே ஏமாற்றிக்கொண்டிருந்தாரோ, அந்த சாரிடமே ஞாயிறு தவறாமல் தானேதான் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்கூட்டியின் சீட்டில் தலையைச் சாய்த்து அழுதார். சார் பக்கத்தில் நின்று அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.