மோராக் அம்மாவின் தகரப்பெட்டி

மணிமாறனுக்கு நெருப்பு ஆகாது. மஸ்கட் ரூவியில் அவன் இருக்கும் அறையில் ஆறு பேர். சமையல் முறை வந்தால் காய் நறுக்குவான், பாத்திரம் கழுவுவான். அடுப்பு பக்கம் மட்டும் போகமாட்டான். கூட இருப்பவர்கள் கேலி செய்து செய்து அலுத்துவிட்டார்கள்.

சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் அவன் வேலை பார்த்தவன். இருபத்துமூன்று வயதில் ஒருநாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தான். சொம்பை வாயில் வைத்திருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் அறை வெடித்தது. உள்ளே இருந்த நான்கு பேரில் அத்தை மகள் தாமரையும் ஒருத்தி. மற்றவர்கள் அறையை நோக்கி ஓடினார்கள். மணிமாறன் எதிர்ப்பக்கம் ஓடினான். கண்மாய்க்கரை வரை ஓடினான். அதை மனைவி உமாராணியிடம்கூட அவன் சொன்னதில்லை. அடுத்த வருஷமே மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டான்.

காயல்பட்டினத்துக்காரர் கலீலுர் ரஹ்மான் நடத்தும் போட்டோ ஸ்டுடியோவில் இருபது வருஷமாக வேலை. பாஸ்போர்ட் படம் எடுப்பது, பழைய படங்களை ஸ்கேன் செய்து சீராக்குவது. ஆபத்தில்லாத வேலை என்றுதான் நம்பியிருந்தான்.

போன ஜூன் மாதம் மோராக் அம்மா வந்தார். எழுபது தாண்டிய ஸ்காட்லாந்துக்காரர். மஸ்கட்டில் முப்பது வருஷம் பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்து ஓய்ந்து, மறுநாள் ஊருக்கே திரும்பிப்போகிறார். கையில் ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டி. உள்ளே நூறு வயது நெருங்கிய நெகட்டிவ்கள். அவருடைய அப்பாவழித் தாத்தா ஒரு தீவில் தபால் குமாஸ்தா. கடிதம் கொடுக்கப் போகிற இடமெல்லாம் காமிராவையும் தூக்கிக்கொண்டு போனாராம். ஏரி, மலை, புல் வேய்ந்த கல்வீடு, அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகளைக் கூடையில் சுமந்தபடியே கம்பளி பின்னிக்கொண்டு நடக்கும் பெண்கள்.

ஒரு நெகட்டிவை மட்டும் அவர் விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினார். துறைமுகத்தில் மீன் பீப்பாய்களின் முன்னால் ஆறு இளம்பெண்கள். விரல்களில் துணி சுற்றியிருந்தார்கள்.

"மீன் அறுக்கும் கத்தி பட்டுவிடும், உப்பு எரியும், அதற்குத்தான் துணி" என்றார். "இந்தப் படம் தபால் அட்டையாக நிறைய விற்றது. சந்தோஷமான மீனவப் பெண்கள் என்று கீழே அச்சடித்தார்கள். உண்மை அதுவல்ல. அன்று காலை இரண்டு படகுகள் கரை திரும்பவில்லை. தாத்தா சிரிக்கச் சொன்னார், ஐந்து பேர் சிரித்தார்கள். கடலைப் பார்க்கிறாளே, இவள் என் பெரியம்மா. அவளுடைய அண்ணன் அதில் ஒரு படகில் இருந்தான்."

"வந்தாரா?"

மோராக் அம்மா தலையை ஆட்டினார். இல்லை.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் மணிமாறன் பெட்டியைத் திறந்து நிதானமாகக் குனிந்தான். மூக்கில் ஒரு காரநெடி ஏறியது. மேலே இருந்தவை நல்ல நிலையில் இருந்தன. அடியில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டி, பாகு மாதிரிக் கசிந்து, பழுப்புக் கட்டியாகியிருந்தன. ஒரு நெகட்டிவின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு சொல்: நைட்ரேட்.

ஆலையில் மருந்து மூட்டைகளின் மேல் தினம் பார்த்த சொல் அது. மொபைலில் தேடிப் படித்தான். அந்தக் காலத்துப் படச்சுருள் சூடு தாங்காது, கெட்டுப்போனால் தானே பற்றும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது.

"பாய், இது வெடிமருந்து மாதிரிங்க. கடைக்குள்ள வைக்கக்கூடாது."

"படமாவது எரியுறதாவது!" என்றார் கலீலுர் ரஹ்மான். "ஏசி ஓடுதுல்ல. அந்தம்மாவுக்கு இன்னிக்கு ராத்திரி ஃபிளைட்டு. சீக்கிரம் முடிச்சுக் குடுத்துடு."

அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் காப்பி செய்தான். இரண்டு படம் ஆடிப்போயின, அவற்றைத் திரும்ப எடுத்தான். நாற்பது முடிந்தது. நேற்று மோராக் அம்மா அடியில் செருகிவிட்டுப் போன மீன் பெண்கள் படம் கட்டியின் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. உரித்தால் உராயும். உராய்ந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அப்படியே மேலிருந்து மொபைலில் பிடித்துக்கொண்டான்.

பன்னிரண்டே முக்காலுக்கு கரண்ட் போனது. வெளியே நாற்பத்தாறு டிகிரி. கால்மணி நேரத்தில் கடை அடுப்பாகிவிட்டது. பெட்டிக்குள் கட்டி நுரைத்தது. மஞ்சளாக ஒரு புகை எழுந்தது.

பக்கத்துக் கடை சாயாக்கடை, சுவரோரம் நான்கு கேஸ் சிலிண்டர். மாடியில் நைட் டூட்டி முடித்துத் தூங்கும் பத்துப் பேர்.

"பாய், மாடில இருக்கவங்கள எழுப்புங்க! ஃபயர் சர்வீசுக்குப் போன் போடுங்க!"

கதவு நான்கடி தூரத்தில் திறந்திருந்தது. கால்கள் அதை நோக்கித்தான் இழுத்தன. ஒரு கணம் அவன் கால்கள் போகவும் செய்தன. வாசற்படியில் நின்றான். பிறகு திரும்பி வந்து பெட்டியைத் தூக்கினான்.

தகரம் கை சுட்டது. சாயாக்கடையைத் தாண்டி, சிலிண்டர்களைத் தாண்டி, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த வெற்று மண்தரைக்குப் போனான். ஓடவில்லை, ஓடினால் குலுங்கும். "தாமரை, தாமரை" என்று வாய் தன்னால் சொல்லிக்கொண்டிருந்தது. நடுத்தரையில் வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே அடி எடுத்து வைத்தான்.

ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அசட்டுத்தனம் பண்ணிவிட்டோமோ என்று தோன்றிய நொடியில் சீறிக்கொண்டு ஓர் ஆள் உயரத்துக்குத் தீ எழுந்தது. மணிமாறன் மண்ணில் குப்புறப் படுத்துவிட்டான்.

தீயணைப்புக்காரர்கள் வந்தபோது கருகிய தகரம்தான் மிச்சம். அவர்கள் அவனுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தபோது, உள்ளே போட்டுவிடுவார்கள் என்றே நினைத்தான். அதிகாரி விவரம் எழுதிக்கொண்டு, கையில் மருந்து போடச் சொல்லிவிட்டு, "கலாஸ்", முடிந்தது, என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு மோராக் அம்மா வந்தார். மணிமாறன் எல்லாவற்றையும் சொன்னான். திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அதை நான் முப்பது வருஷம் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்" என்றார். "அதன் மேல்தான் தூங்கினேன்."

காப்பி செய்திருந்த நாற்பது படங்களையும் மணிமாறன் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். பிறகு அவன் மொபைல் படத்தைக் காட்டினான். ஐந்து பெண்களும் பிழைத்திருந்தார்கள். கடலைப் பார்த்தவளின் முகத்தைப் பழுப்புக்கறை தின்றிருந்தது. துணி சுற்றிய கைகள் மட்டும் தெரிந்தன. மோராக் அம்மா அதைப் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு அவனுடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அவன் உமாராணிக்குப் போன் செய்து கண்மாய்க்கரை விஷயத்தைச் சொன்னான். எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டான்.

"கேக்குதா?"

"கேக்குது. கையில எம்புட்டுக் காயம்? மொதல்ல அதச் சொல்லுங்க."

பயம் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. இன்றைக்கும் பழைய நெகட்டிவ் என்று யாராவது வந்தால், முதலில் அதை வெளியே வைத்துத் திறக்கச் சொல்கிறான்.