ஊட்டிச் செடியும் உண்ணிச் செடியும்

அந்தச் செடியின் தண்டை இரண்டு விரல்களுக்கிடையில் வைத்து உருட்டினால் உருளாது. நான்கு பட்டையாக, பென்சில் கனத்தில், அரத்தைத் தொட்டதுபோல் சொரசொரவென்று விரலைப் பிடிக்கும். குன்னூரில் பிறந்து வளர்ந்த என் அம்மா, அப்பாவின் ஜவுளிக்கடைக்காகச் சங்கரன்கோவிலுக்குக் குடிவந்தபோது அதன் விதைகளை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். மலையில் அதற்கு என்ன பெயரோ, எங்கள் தெருவில் அது "ஊட்டிச் செடி". பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே ஆளுயரம் வளர்ந்து, உச்சியில் மட்டும் பொடிப்பொடியான ஊதாப் பூக்களைக் கொத்தாக ஏந்தியபடி, பக்கத்து வீட்டு முள்வேலிக்கு மேல் தலைநீட்டியது. எழுபதுகளின் கடைசி; எனக்குப் பத்து வயதிருக்கும்.

பக்கத்து வீட்டுச் சுடலைமுத்துவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலமும் ஏழெட்டு வெள்ளாடுகளும் இருந்தன. எங்களை அவருக்கு முதல் நாளிலிருந்தே ஆகாது. அம்மா வாசலில் நின்று பேப்பர் படித்தால் காறித் துப்புவார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றில் அவள் தண்ணீர் இறைக்கப் போகும் நேரம் பார்த்து, அவர் மனைவி பாத்திரங்களைப் பரப்பிக்கொண்டு துலக்க உட்காருவாள். எங்கள் காதில் விழும்படியாகவே அம்மாவை "மலைக்காரி" என்பார்கள்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில், சினையாக இருந்த அவருடைய ஆடு ஒன்று வயிறு உப்பிச் செத்தது. அதை இழுத்துவந்து எங்கள் வாசலில் போட்டுவிட்டு, தெருவே கேட்கும்படி சொன்னார்: "ஊட்டிச் செடின்னு இவ ஊரை ஏமாத்துதா. இது உண்ணி. இதைத் தின்னுதான் என் ஆடு செத்துச்சு."

ரயில் பாதையோரம் முள்புதராக மண்டும் உண்ணிச் செடி ஆடுமாடுகளைக் கொல்லும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வீட்டுச் சொந்தக்காரர் வரைக்கும் புகார் போயிற்று. அவர் அப்பாவைக் கூப்பிட்டு, அது உண்ணிதான் என்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றார் அப்பா. பிடுங்கினால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ரயில் பாதையோரம் போய், உண்ணிக் கிளை ஒன்றை வெட்டிவந்தாள். வீட்டுச் சொந்தக்காரரையும் தெருக்காரர்களையும் வைத்துக்கொண்டு, அதையும் எங்கள் செடியின் கிளையையும் பக்கம்பக்கமாகப் போட்டாள். இரண்டுக்கும் பட்டைத் தண்டுதான், இரண்டின் இலையும் சொரசொரப்புத்தான். அதனால்தான் குழப்பம் என்று அவளே ஒத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினாள். உண்ணியின் தண்டில் வளைந்த முள் உண்டு, எங்கள் தண்டில் இல்லை. உண்ணி இலை அகலமாகக் காம்போடு இருக்கிறது, கசக்கினால் குப்பென்று நாறுகிறது. எங்கள் இலை நீளமாக, ஓரமெல்லாம் பல்லோடு, காம்பே இல்லாமல் தண்டைக் கட்டிப்பிடித்திருக்கிறது. உண்ணிக் கொத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்து பூத்துக் கறுத்த பழம் பழுக்கும். எங்களுடையதில் ஊதா ஒன்றுதான், பழமே கிடையாது. வீட்டுச் சொந்தக்காரர் இரண்டையும் தடவிப் பார்த்து, வேறு செடிதான் என்றார்.

சுடலைமுத்து கிளைகளைத் தொடக்கூட இல்லை. "மலைக்காரி சொல்லித்தான் நான் ஆடு மேய்க்கணுமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து, அப்பா கடைக்குப் போனதும், வேலியைப் பிரித்து மிச்சமிருந்த ஆடுகளை எல்லாம் எங்கள் கொல்லைக்குள் ஓட்டிவிட்டார். நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்; அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஆடுகள் செடிகளைச் சாய்த்து, மிதித்து, பூவோடும் இலையோடும் தின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றவரைப் பார்த்து அம்மா நிதானமாகக் கேட்டாள்: "அண்ணாச்சி, உண்ணின்னு தெரிஞ்சேதான் மேய விடுறீங்களா?"

அவர் முகம் செத்துப்போயிற்று. ஆடுகளை விரட்டவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் வீட்டுக்குள் போய்விட்டார். சாயங்காலம் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, அவர் தொழுவத்தை எட்டிப் பார்த்தார்கள். ஆடுகள் சுகமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒன்றும் சாகவில்லை. எங்களை வீட்டைக் காலி செய்யச் சொல்ல அதன்பிறகு யாருக்கும் வாயில்லை. ஆனால் மிஞ்சிய கட்டைகளின் முன்னால் உட்கார்ந்து அம்மா அழுதாள். அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. அடுத்து வந்த துளிரையும் அவருடைய ஆடுகள் விட்டுவைக்கவில்லை. நாங்கள் அந்த வீட்டில் இருந்த கடைசி நாள் வரை இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இப்போது அந்த வரிசை வீடுகள் இருந்த இடத்தில் மாடிக்கடைகள் நிற்கின்றன. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். அந்தத் தெருவில் ஆடு வளர்ப்பவர் ஒருவரும் இல்லை. ரயில் பாதையை அகலப்படுத்தியபோது உண்ணிப் புதர்களும் போயின. அம்மாவும் இல்லை, சுடலைமுத்துவும் இல்லை.

போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் சுடலைமுத்துவின் மகள். நலம் விசாரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே சொன்னாள்: "அது உண்ணிதான்னு எங்க அப்பா சாகுத வரைக்கும் சொன்னாவ. நானும் அப்படித்தான் நெனைக்கேன்."

புளியங்குடி பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.